பொட்டு வைத்த பிராக்கெட்டுகள்

எனக்கும் உப்புக்கும் ஆகாது. சாப்பாட்டு உப்பைச் சொல்லவில்லை. அது கொஞ்சம் குறைந்தாலே தட்டைத் தள்ளிவைக்கிற வீடு எங்களுடையது. கடலில் இருக்கிற உப்பு, காற்றில் வருகிற உப்பு, மனிதர்களின் விரலில் கசிகிற உப்பு, இவற்றோடுதான் என் சண்டை. சண்டைக்குச் சம்பளமும் உண்டு. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், இரும்புச் சாமான்கள் துருப்பிடிக்காமல் பூச்சுப் போட்டுக் கொடுக்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் தர ஆய்வு என் பொறுப்பு.

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு டீச்சர் வேலைக்குப் போகாமல் இங்கே வந்ததில் என் வீட்டாருக்கு இன்னும் வருத்தம். எங்கள் சர்ச் சபையில் பெண்கள் ஒன்று பிளாக்போர்டு முன்னால் நிற்பார்கள், இல்லை ஆஸ்பத்திரி வார்டில் நிற்பார்கள். நான் ஆசிட் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பதால் பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று என் கணவர் சொல்வார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்குக் கோபமே வராது, அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

எங்களுக்குப் பெரும்பாலும் கதவு கிரில், மோட்டார் மூடி, ஏசி தாங்குகிற கம்பி என்றுதான் வேலை வரும். அப்படி இருக்கும்போதுதான் ராணுவ வேலை வந்தது. ராணுவத்துக்கு நேரடியாகச் சப்ளை செய்கிற பெரிய கம்பெனி ஒன்று தன் வேலையில் ஒரு துண்டை எங்களுக்குக் கொடுத்தது. தரையிலும் ஓடி, தண்ணீரிலும் நீந்துகிற கவச வண்டிக்கான இரும்பு பிராக்கெட்டுகள்.

அந்த வண்டியை எங்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை. வரைபடத்தில் பார்த்ததுதான். கடலில் இறங்குவதற்கு முன், வண்டியின் மூக்கில் மடிந்து கிடக்கிற ஒரு பலகை நிமிர்ந்து நிற்க வேண்டும். அலை வண்டிமேல் ஏறாமல் தடுப்பது அதன் வேலை. பலகையை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பவை இந்த பிராக்கெட்டுகள், கதவுக்குக் கீல் மாதிரி. இவை துருப்பிடித்து இறுகிவிட்டால் பலகை பாதியில் நின்றுவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் எங்கே போகும் என்பது வரைபடத்தில் இல்லை. யோசித்தால் தெரிகிற விஷயம்தான்.

வேலை முறை பெரிய ரகசியமில்லை. முதலில் இரும்புத் தூளை வேகமாக அடித்து மேல்தோலைச் சுரண்டி எடுப்போம். பிறகு பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுத்தால், பெயிண்ட் பிடித்துக்கொள்ளத் தோதாக ஒரு சாம்பல் நிறப் படலம் வரும். அதன்மேல் ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு, அதன்மேல் ராணுவப் பச்சை. இதில் பயப்பட வேண்டியது அந்தச் சாம்பல் படலம் வெளியே தெரிகிற நேரத்துக்குத்தான். அது மை ஒற்றும் தாள் மாதிரி, தொட்டதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். வெறுங்கையால் ஒருமுறை தொட்டால் விரலின் வியர்வை உப்பு அதில் இறங்கிவிடும். மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் அந்த உப்பு அடியில் உட்கார்ந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பும், அதற்குள் துரு.

அதனால் என் ஷெட்டுக்குள் கையுறை இல்லாமல் யாரும் சாமானைத் தொடக் கூடாது. தொட்டவர்களை நான் பேசிய பேச்சுக்குக் கணக்கில்லை. வயது, அனுபவம் எதையும் பார்த்ததில்லை. பெயிண்ட் அடிக்கிற அண்ணன் இந்தத் தொழிலில் எனக்குமுன் வந்தவர், பெயிண்ட் துப்பாக்கியைப் பிடித்தால் ஒரு சொட்டு வழியாமல் அடிப்பார். அவரையே திட்டியிருக்கிறேன். "கிளவுஸ் மாரியாத்தா வருதுடா" என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். காதில் விழும். வேலை நடந்தால் சரி என்று விட்டுவிடுவேன்.

முதலாளியை நான் சார் என்று கூப்பிடுவேன். இன்ஜினியர், என்னைவிடக் கொஞ்சம் சின்னவர், நல்ல மனிதர். கிறிஸ்துமஸ் வந்தால் கேக் வாங்கிவந்து தன் கையாலேயே வெட்டி எல்லோருக்கும் கொடுப்பார். ஆயுத பூஜைக்கு நானும் பொரி கடலை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். இப்படித்தான் வருஷக்கணக்கில் ஓடியது. பொட்டும் சிலுவையும் எங்களுக்குள் ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அதுதான் விஷயம் என்று ஆக்கினார்கள்.

முதல் தவணை பிராக்கெட்டுகள் பாஸ்பேட் முடிந்து தட்டுகளில் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது, அதுவும் வெள்ளிக்கிழமையாக. நான் அன்று தொட்டித் திரவத்தின் சாம்பிளைச் சோதிக்கக் கொடுப்பதற்காகக் காட்டாங்குளத்தூர் போயிருந்தேன். திரும்பும்போது பல்லாவரம் சந்தைக் கூட்டத்தால் சாலையில் தேங்கிய நெரிசலில் பஸ் மாட்டிக்கொண்டது. வந்து சேர்ந்தபோது பூஜை முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டிருந்தார்கள். வாசலில் உடைத்த பூசணிக்காய் கிடந்தது. செக்யூரிட்டி எனக்காக எடுத்துவைத்த பொரிப் பொட்டலத்தைக் கொடுத்தார். ஷெட் பூட்டியிருந்தது. பிராக்கெட்டுகளைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன், அதனால் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

விடுமுறை முடிந்து திறந்த அன்று பார்த்து தாம்பரத்தில் ரயில் நகரவே இல்லை. வேர்த்து விறுவிறுத்து நான் உள்ளே நுழைந்தபோது பிராக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் ப்ரைமர் அடித்தாகிவிட்டது. அண்ணன் துப்பாக்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். குப்பைத் தொட்டியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு ஈரத்துணி கிடந்தது. நான் அதை எடுத்து விரித்துப் பார்த்தேன்.

"இன்னாம்மா, வந்ததும் வராததுமா குப்பைய நோண்டிகினு கீற" என்றார்.

"இது என்ன துணி அண்ணா?"

"பொட்டு தொடச்ச துணி. சார்தான் சொன்னாரு, ஆர்மிக்குப் போற சாமான், சாமி பாத்துகினா நல்லதுன்னு. அல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சோம். சார், நானு, பசங்க, அல்லாரும் சேந்து வெச்சோம்."

"எல்லா பிராக்கெட்டுக்குமா?"

"ஒண்ணு வுடல. அந்த டெஸ்ட் பேனலு, குட்டித் தகடு, அதுக்கு மட்டும் வெக்கல. அது இன்னா, கடலுக்கா போவப்போவுது?"

வேலைக்கு வருகிற சாமானுக்கு எங்கள் கம்பெனியில் யாரும் பொட்டு வைத்ததில்லை. மெஷினுக்கு வைப்பார்கள், கம்ப்ரெசருக்கு வைப்பார்கள், தராசுக்கும் சாரின் காருக்கும் வைப்பார்கள். யாருடைய வீட்டு ஜன்னல் கிரில்லுக்கோ எதற்குப் பொட்டு? இது ராணுவச் சாமான் என்கிற பெருமையில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருமை எனக்கும் இருந்தது, அதனால் எடுத்த எடுப்பில் கத்த முடியவில்லை.

"கிளவுஸ் போட்டுத்தானே வெச்சீங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாமி காரியத்துல எவனாச்சும் கிளவுஸ் மாட்டுவானாம்மா? செருப்பையே கயட்டிட்டுதான் உள்ள போனோம்."

"எந்தத் தண்ணியில தொடச்சீங்க?"

"போர் தண்ணிதான். நல்லா அழுத்தித் தொடச்சோம், ஒரு புள்ளி தெரியாது. நீ வேணா பாரு."

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படியும், தலைக்கு ஊற்றினால் மயிர் கொட்டும். அந்தத் தண்ணீரில் துணியை நனைத்து, அந்தச் சாம்பல் படலத்தின்மேல், வெறுங்கையால், நன்றாக அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். பக்தியோடு செய்ததால் இன்னும் நன்றாகவே தேய்த்திருப்பார்கள்.

சாரிடம் போய்ச் சொன்னேன். "தொடச்சாச்சு இல்ல மேடம், டெஸ்ட்ல பாத்துக்கலாம்" என்றார். அன்றே பச்சை அடித்து முடித்தார்கள்.

எங்களிடம் ஒரு உப்புப் பெட்டி இருக்கிறது. ஐஸ்கிரீம் கடைக்காரர் வைத்திருப்பது போன்ற மூடி போட்ட பெட்டிதான், ஆனால் உள்ளே சூடு. உப்புத் தண்ணீரை இரவும் பகலும் பனிபோல் தூவிக்கொண்டே இருக்கும். கடலில் மாதக்கணக்கில் ஆகிற சேதத்தை அது சில நாளிலேயே காட்டிக்கொடுக்கும். சாமானோடு கூடவே அதே வேலைகளுக்கு உட்படுத்திய சின்னத் தகடுகளை அதில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அவற்றைத்தான் பேனல் என்போம். பேனல் தாங்கினால் சாமானும் தாங்கும் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டால், லாரி கிளம்பும். இந்த முறை பேனல்களோடு ஒரு நிஜ பிராக்கெட்டையும் உள்ளே வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

குறித்த நாள்கள் முடிந்து மூடியைத் திறந்தபோது பேனல்கள் அப்போதுதான் அடித்த மாதிரி பளிச்சென்று இருந்தன. பிராக்கெட்டில் கொப்புளம். நெற்றிப் பொட்டு அளவுக்கு வட்டமாக ஒன்று, அதைச் சுற்றித் துணி போன வழியெல்லாம் பொடிப்பொடியாக. நகத்தால் ஒன்றைக் கீறினேன், உள்ளே செம்மண் நிறத்தில் தண்ணீர். கையில் தூக்கிக்கொண்டு சார் அறைக்குப் போய் மேஜைமேல் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேனல் க்ளீனா இருக்கா?"

"இருக்கு சார். பேனலை யாரும் தொடலையே."

"கஸ்டமர் கேக்கறது பேனல் ரிசல்ட்தான் மேடம்."

"பேனல் பார்ட்டோட சாட்சி சார். பார்ட்டுக்கு நடந்தது எல்லாம் அதுக்கும் நடந்திருக்கணும். இங்க நடக்கலை. நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

பிராக்கெட்டை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பொட்டு வெச்சதுதான் உங்களுக்கு உறுத்துதோ?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. இத்தனை வருஷத்தில் வாடிக்கையாளர்கள் என்னை விதவிதமாகப் பேசியிருக்கிறார்கள், அதெல்லாம் வேலையைப் பற்றி. இது என்னைப் பற்றி. "நாளைக்கு எங்க பாஸ்டர் வந்து பார்ட் மேல கை வெச்சு ஜெபம் பண்ணாலும் இதையேதான் சொல்வேன் சார்" என்றேன்.

"பாஸ்டர் வரலையே. பூஜைதானே நடந்துச்சு" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்ன மாதிரிகூடத் தெரியவில்லை. அவருக்கு அது ஒரு நியாயமான சந்தேகமாகப் பட்டிருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விஷயம் ஷெட்டுக்குள் பரவ ஒரு டீ நேரம் போதுமானதாக இருந்தது. மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறந்தபோது என் மேஜைக்கு யாரும் வரவில்லை. ஊறுகாய்க்குக் கையை நீட்டுகிற அண்ணன் அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். சாமி பொட்டால் துரு பிடித்தது என்று நான் சொன்னதாக ஆகிவிட்டிருந்தது. தண்ணீரையும் கையையும் நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

வீட்டில் சொன்னால் கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உனக்கு நிஜமாவே அந்தப் பொட்டு ஒரு விஷயமே இல்லையா?" என்றார். சோற்றுத் தட்டோடு எழுந்துவிட்டேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது. சின்ன வயதில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் கொலு வைக்கிற வீடுகள் உண்டு. கூப்பிட்டால் போய் உட்கார்ந்து வா, கொடுக்கிற சுண்டலை மட்டும் சாப்பிடாதே என்று அம்மா சொல்லி அனுப்புவாள். நான் வழியிலேயே தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவேன். எனக்கும் பொட்டுக்கும் உள்ள பகை அவ்வளவுதான். இருந்தும் ஒரு பிராக்கெட் கொப்புளித்ததற்காக என் மனசைக் கிளறிச் சோதித்துக்கொள்ள வேண்டி வந்ததே என்று அன்று ஆத்திரமாக வந்தது. சாரிடம் யாரும் போய், உங்களுக்குக் கொப்புளம் கண்ணில் படாததற்குக் காரணம் உங்கள் பக்தியா என்று கேட்கவில்லை.

ராணுவ வீரன், தாய்நாடு என்றெல்லாம் நான் பேச மாட்டேன். அதைப் பேசக் கொடியேற்றுகிற அன்று ஆட்கள் இருக்கிறார்கள். என் கவலை சின்னது. நல்லது என்று நான் சொன்ன ஒரு பொருள் கெட்டதாக இருக்கக் கூடாது. அதற்குள் உட்கார்ந்து கடலில் இறங்குகிறவன் என்னை அறிய மாட்டான், என் கையெழுத்தையும் பார்க்க மாட்டான். பார்க்க மாட்டான் என்பதால்தான் அது பொய்யாக இருக்கக் கூடாது.

அடுத்த நாள் காலை பாஸ்பேட் போட்ட துண்டு இரும்புகள் மூன்றைத் தூக்கிக்கொண்டு போய் ஷெட்டின் நடுவில் வைத்தேன். எல்லோரையும் கூப்பிட்டேன். சாரையும் கூப்பிட்டேன். சந்தனம், குங்குமம் இரண்டையும் நானே வாங்கிவந்திருந்தேன். கடைக்காரர் என் வெறும் நெற்றியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

"முதல் துண்டுல பொட்டை நீங்களே வைங்க சார்" என்றேன். தயங்கினார், பிறகு வைத்தார். பொட்டு வைத்தாலும் முறையாகச் செய்தால் கெடாது என்று காட்ட, அதை மறுபடி இரும்புத் தூள் அடித்து, மறுபடி பாஸ்பேட் போட்டு எடுக்கச் சொன்னேன். இரண்டாவது துண்டுக்குப் பொட்டே கிடையாது. போர் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்ததோடு சரி. மூன்றாவதில் பொட்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. என் கையுறையைக் கழற்றிவிட்டு, வியர்த்த என் வலது கையை எல்லோரும் பார்க்க அதன்மேல் அழுத்தி வைத்தேன்.

"ஜெபம் பண்ணிகினே வெச்சியாம்மா?" என்று பின்னாலிருந்து அண்ணன் கேட்டார். அவர் என்னிடம் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"வேணும்னா பண்றேன் அண்ணா. ப்ரைமர் நீங்களே அடிங்க. உங்க கை மேல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அவர் அடித்தார், வழக்கம்போல ஒரு சொட்டு வழியாமல். மூன்றையும் உப்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை நானே சாரிடம் கொடுத்தேன். நடுவில் கைவைத்தேன் என்ற பேச்சு வரக் கூடாது.

பெட்டியைத் திறந்த அன்று மத்தியானம் லாரி வருவதாக இருந்தது. சார் தன் கையாலேயே மூடியைத் தூக்கினார். அவர் பொட்டு வைத்த துண்டு சுத்தமாக இருந்தது. துணியால் துடைத்த துண்டில் கொப்புளம் கோடு கோடாக ஓடியது. மூன்றாவதில் என் உள்ளங்கை அப்படியே எழும்பி நின்றது, ஐந்து விரலும், கட்டைவிரல் அடியில் இருக்கிற பழைய தழும்பும்கூட. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, உன் கைதான்மா இருக்கறதுலயே மோசம்" என்றார். பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். தீர்ந்தது என்று நினைத்தேன்.

சார் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "ஒத்துக்கறேன் மேடம். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அடுத்த பேட்ச்லேர்ந்து ரொம்ப ஸ்ட்ரிக்டா இருக்கலாம், பூஜை நேரத்துல பார்ட்டை எல்லாம் உள்ள பூட்டி வெச்சிடலாம்."

"இந்த பேட்ச் சார்?"

"இது போகட்டும். முதல் ஆர்டர் மேடம். இன்னிக்கு அனுப்பலைன்னா நம்மள இனி கூப்பிட மாட்டாங்க. பேனல் பாஸ் ஆயிருக்கு, நாம பொய் எதுவும் சொல்லலையே. நீங்க போட வேணாம், நானே சைன் பண்ணிக்கறேன்."

என் கண் முன்னாலேயே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கிறிஸ்தவப் பெண் பூஜையில் குறை கண்டுபிடிக்கிறாள் என்பது அவருக்கு ஒரு சௌகரியமாக இருந்திருக்கிறது. அந்தச் சௌகரியத்தை நான் பிடுங்கியதும் மிச்சம் இருந்தது லாரி மட்டும்தான். என் நியாயத்தை ஒத்துக்கொண்டே என்னைத் தோற்கடிக்க முடியும் என்று அவர் காட்டிவிட்டார். அவர் சந்தேகப்பட்ட அன்று வந்த கோபத்தைவிட இது பெரிய கோபம்.

லாரி வந்து சந்தில் நின்றது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிராக்கெட்டுகள் தட்டுத் தட்டாக வாசலுக்குப் பக்கத்தில், பச்சைப் பசேலென்று, பார்க்க அத்தனை அழகாக இருந்தன. என் மேஜை டிராயரில் ஸ்கிரைபர் என்கிற கூர்முனைக் கம்பி இருக்கும். தகடுகளில் பெயிண்டை இரும்புவரை கீறி, அடியில் பிடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கானது. அதை எடுத்துக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்தேன். இந்த வயதில், இந்த வாயோடு, வேறு எந்தக் கம்பெனியில் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று தோன்றாமல் இல்லை. முதல் பிராக்கெட்டை மடியில் வைத்து, பச்சைக்கு நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி ஒன்று இழுத்தேன். வெள்ளை இரும்பு தெரிந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

சத்தம் கேட்டு அண்ணன் சோற்றுக் கையோடு வந்தார். "இன்னாம்மா பண்ற? அது என் பெயிண்டு."

"உங்க பெயிண்ட்ல ஒரு குறையும் இல்ல அண்ணா. அடியில இருக்கறது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவர் அடித்த பச்சை சுருள் சுருளாக என் புடவைமேல் விழுந்துகொண்டிருந்தது. வேறு யாராவது அதைச் செய்திருந்தால் அடித்தே இருப்பார். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஆடாமல் பிடித்துக்கொண்டார். நான் கீறினேன். ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். லாரி டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

சார் ஓடிவந்தார். "என்ன பண்றீங்க? இது டிஃபென்ஸ் மெட்டீரியல். நாசம் பண்ணிட்டீங்களே."

"நாசம் பூஜை அன்னிக்கே ஆயிடுச்சு சார். நான் அதை வெளியே தெரியற மாதிரி பண்றேன்."

"உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றேன். "இந்த வேலைதான் வேணும். நீங்க சைன் பண்ணீங்களே, அந்த வேலை வேணாம்."

அவர் கீழே குனிந்து கீறிய ஒரு பிராக்கெட்டை எடுத்தார். பெருக்கல் குறியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தள்ளினார். நன்றாகப் பிடித்திருந்தால் அந்தப் பெயிண்டை நகத்தால் அசைக்க முடியாது. அது தோல் உரிகிற மாதிரி அவர் விரலோடு வந்தது. இன்னொன்றை எடுத்துத் தள்ளினார், அதிலும் வந்தது. அங்கே நின்ற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவர் பிராக்கெட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"சார், இன்னிக்கு மெட்டீரியல் வராது" என்றார் அந்தப் பக்கத்து ஆளிடம். "இல்ல சார், லாரியில ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல. பேட்ச் ரிஜெக்ட் ஆயிடுச்சு. தப்பு எங்க பக்கம்தான், மறுபடி முதல்லேர்ந்து பண்ணித் தர்றோம்."

யார் ரிஜெக்ட் செய்தது என்று அங்கே கேட்டிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார், முகத்தில் இன்னும் கோபம் இருந்தது.

"எங்க மேடம்தான் சார்" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் அழுவதாவது. அண்ணன் அடுத்த பிராக்கெட்டை எடுத்து நீட்டினார், இன்னும் இரண்டு தட்டு பாக்கி இருந்தது.